கணினியின் அமைப்புக் கோப்புகள் சிதைந்துவிட்டால் என்ன செய்வது?

"கணினியை இயக்கினால் நீலத்திரையோடு நின்றுவிடுகிறது. அமைப்புக் கோப்புகள் சிதைந்துவிட்டன என்கிறார்கள். அப்படியென்றால் என்ன?" என்பது கேள்வி.

விண்டோஸ் எழுந்து நிற்பதற்காகத் தானே படித்துக்கொள்ளும் கோப்புகள்தான் அமைப்புக் கோப்புகள். உங்கள் படங்களும் கடிதங்களும் வேறு. அப்டேட் நடக்கும்போது மின்சாரம் போனால் ஏதாவது ஒரு கோப்பு பாதியோடு நின்றுவிடலாம். ஹார்ட் டிஸ்க் பழுதானாலும் இதே கதிதான்.

மழைநாளில் தாதரில் சிக்னல் பழுதாகி லோக்கல் ரயில் நிற்பதை மும்பைக்காரர்கள் அறிவார்கள். வண்டிக்கு ஒன்றுமில்லை, உள்ளே பயணிகளும் நலம் (எரிச்சலைத் தவிர). நகர்வதற்கு அனுமதிதான் இல்லை. ஹார்ட் டிஸ்க் பழுதாகாதவரை, உங்கள் கோப்புகள் அந்தப் பயணிகளைப் போல.

கணினி தொடங்கும் தருணத்தில் பவர் பொத்தானை அழுத்திப் பிடித்து அணையுங்கள். இரண்டு மூன்று முறை இப்படிச் செய்தால் விண்டோஸ் 10, 11 பழுதுபார்க்கும் திரைக்குத் தானே வந்துவிடும். வராவிட்டால், வேறொரு கணினியில் 8 ஜிபி பென் டிரைவில் விண்டோஸ் நிறுவியை ஏற்றி, அதிலிருந்து தொடங்கலாம். அந்தத் திரையில் முதலில் ஸ்டார்ட்அப் ரிப்பேர் (தொடக்கக் கோளாறைத் தானே சரிசெய்யப் பார்க்கும் வசதி). அது தோற்றால், கமாண்ட் பிராம்ப்ட்டில் (கட்டளைகளைத் தட்டச்சு செய்யும் திரை) அமைப்புக் கோப்புகளைச் சரிபார்க்கும் எஸ்எஃப்சி (sfc) கட்டளை. சிதைந்த கோப்புக்குப் பதிலாக, சேமிப்பிலுள்ள நல்ல பிரதியை அது வைக்கும். டிஸ்க்கைப் பூட்டிவைக்கும் பிட்லாக்கர் வசதி இருந்தால் 48 இலக்கச் சாவியும் கேட்கும். பெரும்பாலும் அது உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் இருக்கும்.

"ஃபார்மட் செய்தால்தான் தீரும், எல்லாம் அழிந்துவிடும்" என்று கடைகளில் சொல்வதை அப்படியே நம்பாதீர்கள்: விண்டோஸைப் புதிதாக நிறுவும் ரீசெட்டில்கூடச் சொந்தக் கோப்புகளை வைத்துக்கொள்ளும் தேர்வு உண்டு, நிறுவிய மென்பொருள்கள்தான் போகும்.