ரவுட்டரில் ஓடும் டிஎல்என்ஏ சர்வர் (வீட்டு நெட்வொர்க்கில் டிவிக்குப் படம் தரும் மென்பொருள்) அரை மணி நேரத்தில் டிவியிலிருந்து மறைகிறது, படத்தை முன்னே ஓட்டவும் முடியவில்லை. ஏன்?

64 எம்பி ரேம் உள்ள ஓப்பன்டபிள்யூஆர்டி (ரவுட்டருக்கான லினக்ஸ்) ரவுட்டர், யூஎஸ்பி டிஸ்க், சி மொழியில் நீங்களே எழுதும் சர்வர் என்று கேட்டிருக்கிறீர்கள். இரண்டு கோளாறுக்கும் காரணம் வேறு வேறு.

மறைவதற்குக் காரணம் எஸ்எஸ்டிபி, அதாவது நெட்வொர்க்கில் சாதனங்கள் ஒன்றையொன்று கண்டுபிடிக்கும் முறை. 239.255.255.250 முகவரியில், யூடிபி 1900 போர்ட்டில் சர்வர் தன் இருப்பை அறிவிக்கும்போது மேக்ஸ்-ஏஜ் என்று ஒரு கெடுவும் சேர்ந்து போகிறது. கெடு முடிவதற்குள் அடுத்த அறிவிப்பு வராவிட்டால் டிவி உங்களைப் பட்டியலிலிருந்து எடுத்துவிடும். மினிடிஎல்என்ஏ என்ற திறந்த மூல சர்வர் 1800 நொடிக் கெடு கொடுத்து, 895 நொடிக்கு ஒருமுறை அறிவிக்கிறது. அதையே வைத்துக்கொள்ளுங்கள். வைஃபையில் மல்டிகாஸ்ட் (ஒரே நேரத்தில் பலருக்குப் போகும்) பாக்கெட் தொலைந்தால் மறுபடி வராது. ஆகவே ஒவ்வொரு அறிவிப்பையும் சற்று இடைவெளி விட்டு இரண்டு முறை அனுப்புங்கள்.

ரவுட்டரில் எழுதுபவர்கள் அதிகம் சறுக்கும் இடம் இன்னொன்று. மல்டிகாஸ்ட் குழுவில் சேரும்போது எந்த இன்டர்ஃபேஸ் (நெட்வொர்க் இணைப்பு) என்று சொல்லாவிட்டால், கெர்னல் ரூட்டிங் டேபிளைப் பார்த்து இணையம் வரும் பக்கத்தில் சேர்த்துவிடும். டிவியின் தேடல் சர்வருக்கு எட்டவே எட்டாது. சேருவதற்கும் அனுப்புவதற்கும் தனித்தனியாக பிஆர்-லேன் (வீட்டுப் பக்க இன்டர்ஃபேஸ்) முகவரியைக் கொடுங்கள். சர்வரின் அடையாள எண்ணான யூயூஐடியை மேக் முகவரியிலிருந்து உருவாக்குங்கள். ஒவ்வொரு பூட்டிலும் மாறினால் ஒரே சர்வர் டிவியில் இரண்டு மூன்றாகத் தெரியும்.

முன்னே ஓட்டுவது எச்டிடிபி வேலை. டிவி ரேஞ்ச் (ஃபைலின் ஒரு பகுதி) கேட்டால் 206 (பகுதி மட்டும்) பதிலும் கன்டென்ட்-ரேஞ்சும் போக வேண்டும். 200 (முழு ஃபைல்) போனால் படம் முதலிலிருந்து ஓடும். ஓட்டும் பட்டனே வேலை செய்யாவிட்டால், ஃபைலின் வடிவத்தை டிவிக்குச் சொல்லும் புரோட்டோகால்இன்ஃபோவில் டிஎல்என்ஏ.ஓஆர்ஜி_ஓபி=01 விடுபட்டிருக்கும். பிரவுஸ் (டிவி பட்டியல் கேட்பது) பதில், எச்டிடிபி ஹெடர் இரண்டிலும் அது இருக்கட்டும். 2 ஜிபிக்கு மேற்பட்ட ஃபைல் மட்டும் திறக்காவிட்டால், ஃபைல் அளவை 32 பிட் எண்ணில் வைத்திருப்பீர்கள், அதை 64 பிட் ஆக்குங்கள்.

ரேம் விஷயத்தில் கண்டிப்பாக இருங்கள். ஃபைல் பட்டியலை நினைவகத்தில் மரமாகக் கட்டாதீர்கள், எஸ்க்யூலைட் (ஒரே ஃபைலில் இருக்கும் சிறு டேட்டாபேஸ்) போதும். பிரவுஸில் ரிக்வெஸ்டட்கவுன்ட் 0 என்றால் முழுப் பட்டியலையும் கேட்கிறது என்று பொருள். அப்போதும் எக்ஸ்எம்எல்லை முழுதாக பஃபரில் சேர்க்காமல், வரிசை வரிசையாக எழுதி அனுப்புங்கள். படத்தை அனுப்ப சென்ட்ஃபைல் (கெர்னலே ஃபைலை நேராக அனுப்பும் வழி) பயன்படுத்துங்கள். டிரான்ஸ்கோடிங் (படத்தை வேறு வடிவத்துக்கு மாற்றுவது) இந்தச் சிப்பில் நடக்காது. டேட்டாபேஸை யூஎஸ்பி டிஸ்க்கில் வையுங்கள்: ஓப்பன்டபிள்யூஆர்டியில் டிஎம்பி ஃபோல்டர் ரேமில் இருப்பதால் அங்கே வைத்தால் இடமும் போகும், ரீபூட்டுக்கு ரீபூட் முழு ஸ்கேனும் நடக்கும்.