டிரம்மரை மாற்றுவதற்கு முன் போனைச் சுவரோரம் வைத்துப் பாருங்கள்

கேள்வி: நாங்கள் நான்கு பேர் ஒன்றரை வருடமாக ராக் வாசிக்கிறோம். இரண்டு கிட்டார், பேஸ், டிரம்ஸ். நான் பாடிக்கொண்டே ரிதம் கிட்டாரும் வாசிக்கிறேன். வாசிக்கும்போது நன்றாக இருப்பதாகத்தான் தோன்றுகிறது. போனில் பதிவு செய்து கேட்டால் கலங்கிய குட்டை மாதிரி இருக்கிறது. "டிரம்மர் சுமார்தான், ஆளை மாற்றினால் எல்லாம் சரியாகிவிடும்" என்கிறார் எங்கள் லீட் கிட்டார்காரர். அந்த டிரம்மர் என் சித்தி மகன். ஒரு ராக் பேண்டின் ஒலியில் டிரம்மரின் திறமைக்கு நிஜமாகவே அவ்வளவு பங்கு உண்டா?

பதில்: உண்டு. நீங்கள் பயப்படுவதைவிடக் கொஞ்சம் அதிகமாகவே உண்டு. ஆனால் எந்தத் திறமை என்பதில்தான் பெரும்பாலான பேண்டுகள் தவறான ஆளைப் பிடித்துக்கொள்கின்றன. வேகமான ரோல், டபுள் பெடல், கையில் ஸ்டிக்கைச் சுழற்றுவது, இவற்றுக்கும் உங்கள் பதிவு கலங்கி இருப்பதற்கும் சம்பந்தமே இல்லை.

முதலில் ஒரு எளிய விஷயம். டிரம் கிட்டில் வால்யூம் திருகு கிடையாது. கிட்டார் ஆம்பில் உண்டு, பேஸில் உண்டு, உங்கள் மைக்கில் உண்டு. ஆகவே சின்ன அறையில் டிரம்மர் எவ்வளவு சத்தமாக அடிக்கிறாரோ, மற்ற மூவரும் அதற்கேற்பத்தான் ஏற்றிக்கொள்ள வேண்டியிருக்கிறது. அவர் கிராஷ் என்ற பெரிய சிம்பலை (பித்தளைத் தட்டை) பிளந்து கட்டினால் லீட் ஆம்ப் ஏறும், அதைக் கேட்டு பேஸ் ஏறும், நீங்கள் கத்துவீர்கள், ஸ்பீக்கர் "கீ" என்று ஊளையிடும். போதாததற்கு உங்கள் பாட்டு மைக்குக்குள் உங்கள் குரலைவிட சிம்பல்தான் அதிகம் போய் உட்கார்ந்திருக்கும். ஒலிப்பதிவாளனாக நான் கேட்ட 'கலங்கிய குட்டை'களில் பாதிக்கு மேல் இந்த ரகம்தான்.

அடுத்தது நான்கு கைகால்களுக்கு இடையே உள்ள அளவு. புதிதாக வாசிப்பவர்கள் ஹை-ஹேட் என்ற ஜோடி சிம்பலை உரக்க அடிப்பார்கள், காலால் அடிக்கும் பெரிய டிரம்மான கிக்கைத் தடவுவார்கள், பளீரென்று ஒலிக்கும் சின்ன டிரம்மான ஸ்னேரில் அடி ஒருமுறை நடுத்தோலிலும் ஒருமுறை ஓரத்திலும் விழும். ஹை-ஹேட்டும் கிராஷும் இருக்கும் அதே மேல் ஸ்தாயியில்தான் கிட்டாரின் கூர்மையும் உங்கள் பாட்டின் மெய்யெழுத்துகளும் இருக்கின்றன. அங்கே நெரிசல். கீழே கிக் இல்லாததால் பேஸ் கிட்டார் தரையில்லாமல் மிதக்கும். அனுபவசாலி டிரம்மர் மிக்ஸரை நம்பி இருப்பதில்லை. நான்கு கைகால்களின் அளவையும் வாசிக்கும்போதே சரிசெய்துவிடுவார்.

இதற்கு நான் எப்போதும் காட்டும் உதாரணம் லெட் செப்பெலின் என்ற ராக் பேண்டின் 'வென் தி லெவி பிரேக்ஸ்'. 1971 நவம்பரில் வந்த நான்காவது ஆல்பத்தில் இருக்கிறது. இங்கிலாந்தில் ஹெட்லி கிரேஞ்ச் என்ற பழைய வீட்டின் கூடத்தில், மாடிப்படிக்குக் கீழே டிரம்மர் ஜான் பானமின் கிட்டை வைத்தார்கள். பொறியாளர் ஆண்டி ஜான்ஸ் மேல்மாடியிலிருந்து இரண்டு மைக்குகளைத் தொங்கவிட்டார். பிறகு எக்கோவும் கம்ப்ரஷனும் (சத்தத்தின் ஏற்ற இறக்கத்தைச் சுருக்குவது) சேர்த்தது உண்மைதான். ஆனால் யோசித்துப் பாருங்கள்: அவ்வளவு உயரத்தில் இருக்கும் இரண்டு மைக்கில் கிக்கை மட்டும் ஏற்றவோ ஹை-ஹேட்டை மட்டும் இறக்கவோ வழியில்லை. அந்தப் பிரம்மாண்டம் முழுவதும் பானமின் உடம்பிலிருந்தே சரியான விகிதத்தில் வந்தாக வேண்டும்; வந்தது. அவர் 1980 செப்டம்பர் 25-ல் இறந்தபோது வேறொரு டிரம்மரைத் தேடாமல் அந்த ஆண்டிலேயே பேண்டைக் கலைத்துவிட்டார்கள்.

உங்கள் போனும் ஏறத்தாழ அந்த மேல்மாடி மைக் மாதிரிதான். எதையும் திருத்தாது, இருப்பதை இருக்கிறபடி காட்டும். அதனால் பதிவைக் கேட்டு மனம் உடைய வேண்டாம். இலவசப் பரிசோதனைக் கூடம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

சரி, காலப்பிரமாணத்துக்கு வருவோம். நம்மிடம் "சுருதி மாதா, லயம் பிதா" என்று சொல்வார்களே, ராக்கில் பிதாவுக்குத்தான் வேலை அதிகம். நிமிடத்துக்கு 120 அடி என்றால் ஓர் அடிக்கும் அடுத்ததற்கும் 500 மில்லிசெகண்ட். இதில் ஸ்னேர் பத்து இருபது மில்லிசெகண்ட் தள்ளி விழுந்தால் பாட்டு சாய்ந்து உட்கார்ந்த மாதிரி இருக்கும். முன்னே விழுந்தால் பஸ்ஸைப் பிடிக்க ஓடுவது மாதிரி இருக்கும். இரண்டுமே தவறில்லை. ஒவ்வொரு தடவையும் ஒரே இடத்தில் விழுகிறதா என்பதுதான் கேள்வி. (ஏழு மீட்டர் தள்ளி நிற்பவருக்கு டிரம் சத்தம் போய்ச் சேரவே சுமார் 20 மில்லிசெகண்ட் ஆகும். பெரிய மேடையில் பேஸ்காரர் டிரம்மரை ஒட்டியே நிற்பது சும்மா இல்லை.) கோரஸில் மூன்று நான்கு அடி ஏறினால் யாரும் குறை சொல்லப் போவதில்லை, பாட்டுக்கு உயிர் வரும். 120-ல் தொடங்கி 132-ல் முடித்தால் மட்டும்தான் பேச வேண்டும்.

திறமை என்றால் நிறைய வாசிப்பது என்ற எண்ணத்தை உடைக்க ரோலிங் ஸ்டோன்ஸின் மறைந்த டிரம்மர் சார்லி வாட்ஸ் போதும். ஸ்னேரை அடிக்கும் நொடியில் அவருடைய வலது கை ஹை-ஹேட்டிலிருந்து விலகிவிடும். அந்த அடியில் ஹை-ஹேட்டே கிடையாது. ஸ்னேர் தனியாக, சுத்தமாக வந்து விழும். உங்கள் சித்தி மகனை ஒரு மாலை இதைச் செய்து பார்க்கச் சொல்லுங்கள். காசு செலவில்லை.

இன்னொரு பக்கமும் உண்டு. ஒயிட் ஸ்ட்ரைப்ஸில் இருந்தவர்களே இரண்டு பேர்தான். டிரம்ஸ் வாசித்த மெக் ஒயிட்டின் வாசிப்பு ஆரம்பப் பாடம் மாதிரி எளிமையானது என்று கேலி செய்தவர்கள் ஏராளம். 2003-ல் வந்த 'செவன் நேஷன் ஆர்மி'யில் அவர் இடத்தில் ஒரு ஜாஸ் வித்வானை உட்கார வைத்தால் அந்தப் பாட்டே போய்விடும் என்பது என் கட்சி. அதேபோல 1978-ல் டிரம்மர் கீத் மூன் இறந்த பிறகு 'தி ஹூ' பேண்டுக்கு வந்த கென்னி ஜோன்ஸ் ஒழுங்கான, நிதானமான டிரம்மர். ஆனால் மூனின் கட்டுக்கடங்காத வாசிப்பைச் சுற்றித்தான் அந்த பேண்டே கட்டப்பட்டிருந்தது. ரசிகர்கள் பலருக்கு அப்புறம் அது வேறு பேண்ட். பொருத்தம் என்ற ஒன்று இருக்கிறது, அதை மாற்று டிரம்மரின் கைவேகத்தை வைத்துக் கணிக்க முடியாது.

பீட்டில்ஸின் முதல் சிங்கிள் 'லவ் மி டூ'வும் இங்கே உதவும். 1962 செப்டம்பர் 4-ல் அவர்களுடைய டிரம்மர் ரிங்கோ வாசித்துப் பதிவு செய்தார்கள். ஸ்டுடியோ தரப்புக்குத் திருப்தி இல்லை. ஒரு வாரம் கழித்து, 11-ம் தேதி, ஆண்டி ஒயிட் என்ற ஸ்டுடியோ டிரம்மரைக் கூப்பிட்டு, ரிங்கோ கையில் டாம்பரினைக் கொடுத்தார்கள். இரண்டு பதிவுமே வெளிவந்திருக்கின்றன. டாம்பரின் கேட்டால் அது ஒயிட் வாசித்தது. இரண்டையும் அடுத்தடுத்துப் போட்டுக் கேளுங்கள். ஆள் மாறியும் பாட்டு எவ்வளவு குறைவாக மாறியிருக்கிறது என்று உங்களுக்கே தெரியும். அன்று ஓரங்கட்டப்பட்ட அதே ரிங்கோ, இடது கைப் பழக்கத்தோடு வலது கைக்காரர்களுக்கான கிட்டில் உட்கார்ந்து, வேறு யாருக்கும் தோன்றாத ஃபில்களை (பாட்டின் இடைவெளிகளை நிரப்பும் அடிகளை) அடுத்த சில வருடங்களில் வாசித்தார்.

இனி உங்கள் வேலை. அறையின் ஒரு மூலையில், எல்லோரிடமிருந்தும் தள்ளி, போனைச் சுவரோரமாக வைத்து மூன்று பாட்டு வாசியுங்கள். கேட்கும்போது இரண்டு விஷயம் மட்டும் கவனியுங்கள்: கிக் கேட்கிறதா? பாட்டின் தொடக்கத்துக்கும் முடிவுக்கும் வேகம் எவ்வளவு மாறியது? மெட்ரோனோம் செயலியில் விரலால் தட்டினாலே எண் தெரிந்துவிடும். பிறகு கிட்டைப் பாருங்கள். ஸ்னேர் தோல் பள்ளம் விழுந்து, டேப் ஒட்டி, ஒன்றரை வருடமாக மாற்றாமல் இருந்தால் எந்த மகானும் அதில் நல்ல ஒலி எடுக்க முடியாது. புதுத் தோல் போட்டு, சுற்றியுள்ள திருகுகளைச் சமமாக முறுக்கினாலே பாதி அழுக்கு போகும்.

அப்புறம் கிட்டார்களையும் பார்க்க வேண்டும். இரண்டு கிட்டாரும் ஒலியைக் கரகரப்பாக்கும் கெய்ன் திருகை முழுக்க ஏற்றி, ஒரே இடத்தில் ஒரே கார்டை (சேர்ந்தொலிக்கும் சுரங்களை) வாசித்தால் டிரம்மர் யாராக இருந்தாலும் குட்டை கலங்கித்தான் இருக்கும். இருவரும் கெய்னைக் கொஞ்சம் குறையுங்கள், நீங்கள் வேறு ஸ்தாயியில் கார்டு பிடியுங்கள்.

இவ்வளவுக்கும் பிறகு சரியாகவில்லையா? அறிமுகமான ஒரு நல்ல டிரம்மரை ஒரு மணி நேரத்துக்கு மட்டும் கூப்பிட்டு அதே மூன்று பாட்டை அதே கிட்டில் வாசியுங்கள். சித்தி மகனையும் பக்கத்தில் உட்கார வைத்து, விஷயத்தைச் சொல்லியே செய்யுங்கள். ஒளித்துச் செய்தால் பொங்கலுக்கு அந்த வீட்டுப் பக்கம் போக முடியாது. ஒலி பளிச்சென்று தெளிந்தால் லீட்காரர் சொன்னதில் நியாயம் உண்டு. அப்போதும் உடனே மாற்றாதீர்கள். மெட்ரோனோமின் 'டிக்' சத்தமான கிளிக்கை இரண்டாவது, நான்காவது அடிகளில் மட்டும் ஒலிக்கவிட்டு, நிமிடத்துக்கு 70 அடி வேகத்தில், தினம் அரை மணி நேரம் வாசிக்கச் சொல்லுங்கள். மூன்று மாதம் கொடுங்கள். கையைத் திருத்தலாம். மற்றவர்கள் வாசிப்பதைக் கேட்கவே மாட்டேன் என்பவரை மட்டும்தான் திருத்த முடியாது. அப்படியென்றால் மாற்றுங்கள், உறவு பார்க்க வேண்டாம்.

ஒலி தெளியவில்லை என்றால்? எனக்கு ஒரு பேண்ட் நினைவுக்கு வருகிறது. டிரம்மர் ஓடுகிறார் என்று நாள் முழுக்கப் புகார். கடைசியில் ஒவ்வொருவரையும் தனித்தனியாகக் கிளிக்கோடு வாசிக்கச் சொன்னேன். டிரம்மர் ஆணி அடித்த மாதிரி நின்றார். கோரஸ் வந்ததும் கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடியவர் கிட்டார்காரர். டிரம்மர் இத்தனை நாளும் அவரைத் துரத்திக்கொண்டிருந்தார், அவ்வளவுதான்.

ஆகவே அந்தக் கிளிக் சோதனையில் முதலில் உங்கள் லீட் கிட்டார்காரரை உட்கார வையுங்கள். அடுத்து நீங்கள். சித்தி மகன் கடைசியாக வரட்டும்.