யார் பார்த்தது, யார் சொன்னது? – வகுப்பறைக் கேள்வி பதில்

செய்தி, விளம்பரம், படம், வாட்ஸ்அப் தகவல் ஆகியவற்றை ஐந்து முதல் ஏழாம் வகுப்புப் பிள்ளைகள் யோசித்துப் படிக்க எப்படிப் பழக்குவது என்று வந்த கேள்விகளுக்கு இந்த இதழில் பதில் சொல்கிறோம்.

ஆறாம் வகுப்பில் 42 பேர். வகுப்பில் இணையம் இல்லை. பள்ளிக்கு ஒரு செய்தித்தாள் வருகிறது, அவ்வளவுதான். பொய்ச் செய்தியைக் கண்டுபிடிக்கச் சொல்லித்தர எங்கே தொடங்குவது?
– ஆசிரியை, திண்டுக்கல் மாவட்டம்

பொய்ச் செய்தியில் தொடங்காதீர்கள். ஒழுங்காக எழுதப்பட்ட, உண்மையான செய்தி ஒன்றில் தொடங்குங்கள். ஒரு செய்தி எப்படிக் கட்டப்படுகிறது என்று தெரியாத பிள்ளைக்குக் கட்டுக்கதையின் ஓட்டை கண்ணில் படாது.

இதற்கான கருவி தமிழிலேயே இருக்கிறது: ‘ஆம்’ என்ற விகுதி. ‘மழை பெய்தது’ என்றால் சொல்பவர் பொறுப்பேற்கிறார். ‘மழை பெய்ததாம்’ என்றால் காதில் விழுந்ததைச் சொல்கிறார். பத்து வயதுப் பிள்ளை பேச்சில் இதைப் பிசகில்லாமல் பயன்படுத்தும். ஆனால் அச்சில் அந்த ‘ஆம்’ காணாமல் போய், ‘கூறப்படுகிறது’, ‘தெரிகிறது’, ‘தகவல் வெளியாகியுள்ளது’ என்று உருமாறி வரும். அதைத் தேடிப் பிடிப்பதுதான் முதல் பயிற்சி.

8 முதல் 10 வாக்கியங்கள் கொண்ட உள்ளூர்ச் செய்தி ஒன்றை எடுங்கள். விபத்து, கொலை வேண்டாம். குடிநீர்க் குழாய் உடைப்பு, சந்தை விலை, பள்ளி விழா போதும். வாக்கியங்களுக்கு எண் போட்டுக் கரும்பலகையில் எழுதுங்கள். நான்கு பேராக 9 குழு, மூன்று பேராக 2 குழு என்று பிரித்தால் 42 பேரும் அடங்கிவிடுவார்கள். ஒவ்வொரு குழுவும் எண்களைத் தாளில் எழுதி வண்ணம் தீட்டட்டும். நிருபர் நேரில் பார்த்ததோ ஆவணத்தில் படித்ததோ என்றால் பச்சை. பெயரோ பதவியோ உள்ள ஒருவர் சொன்னது என்றால் நீலம். யார் சொன்னது என்றே இல்லாவிட்டால் சிவப்பு. இதற்கு 12 நிமிடம். பிறகு சிவப்பு வாக்கியங்களை ‘ஆம்’ சேர்த்து வாய்விட்டுச் சொல்லச் சொல்லுங்கள்: “குழாய் மூணு நாளா உடைஞ்சு கெடக்குதாம்.” வகுப்பு சிரிக்கும், சிரிக்கும்போதே விஷயம் பிடிபட்டுவிடும். கடைசிப் பத்து நிமிடம் ஒரே கேள்விக்கு: இது உண்மையா என்று தெரிய யாரைக் கேட்க வேண்டும்?

தகராறு ஓரிடத்தில் நிச்சயம் வரும். ‘குழாய் உடைந்ததால் 300 குடும்பங்கள் அவதிப்படுவதாக வார்டு உறுப்பினர் தெரிவித்தார்’ என்ற வாக்கியத்துக்கு ஒரு குழு பச்சை என்னும், இன்னொன்று நீலம் என்னும். உடனே தீர்ப்புச் சொல்லிவிடாதீர்கள். வாக்கியத்தைப் பிரிக்கச் சொல்லுங்கள். குழாய் உடைந்ததை நிருபர் பார்த்திருக்கலாம். 300 என்ற கணக்கு உறுப்பினருடையது. ‘அவதி’ என்ற சொல்லைத் தேர்ந்தது யார்? இந்தச் சண்டைக்காகவே இந்தப் பாடவேளை.

வழக்கமாகச் சொதப்புவது இரண்டு இடங்களில். செய்தி நீளமாக இருந்தால் வண்ணம் தீட்டுவதிலேயே மணி அடித்துவிடும். சிவப்பு என்றால் பொய் என்று பிள்ளைகள் எடுத்துக்கொள்வார்கள். ‘சொன்னவர் பெயர் இல்லை’ என்பது மட்டுமே சிவப்பு என்று பலகையின் மூலையில் எழுதியே வையுங்கள்.

அடுத்த வாரம் வினைச்சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். ‘பணம் வந்தது என்று அவர் சொன்னார் / ஒப்புக்கொண்டார் / மழுப்பினார் / கொந்தளித்தார்’. நான்கையும் படித்துவிட்டு, எதில் அந்த மனிதர் குற்றவாளி போலத் தெரிகிறார் என்று கேளுங்கள். ‘ஒப்புக்கொண்டார்’ என்றதுமே, அதுவரை எதையோ மறைத்தார் என்ற எண்ணம் வந்துவிடுவதைப் பிள்ளைகளே சொல்வார்கள்.

இப்படிப் பயிற்சி கொடுத்த பிறகு எங்கள் வகுப்பில் எல்லாவற்றுக்கும் ‘ஃபேக்’ என்கிறார்கள், பாடப்புத்தகத்துக்கும்கூட. எங்கே தப்பு?
– ஏழாம் வகுப்பு ஆசிரியர், தஞ்சாவூர்

பயிற்சித் தாளில் இருந்தவை எல்லாமே பொய்யாக இருந்திருக்கும். அப்படியிருந்தால் ‘பொய்’ என்றாலே மதிப்பெண் என்று பிள்ளைகள் இரண்டாம் நாளே கணித்துவிடுவார்கள். எதையும் நம்பாத பிள்ளையும் எல்லாவற்றையும் நம்புகிற பிள்ளை அளவுக்கே படிக்காமல் விடுகிறது.

எட்டுத் துண்டுச் சீட்டு எழுதுங்கள். சரிபாதி உண்மையாக இருக்கட்டும். அந்த உண்மைகள் நம்ப முடியாதவையாக இருப்பது முக்கியம். வெள்ளிக் கோள் தன்னைத்தானே ஒருமுறை சுற்ற 243 நாள், சூரியனைச் சுற்ற 225 நாள் என்பது உண்மை. ஆக்டோபஸுக்கு மூன்று இதயம் என்பதும் உண்மை. நம் தேசிய கீதத்தை உலகிலேயே சிறந்தது என்று யுனெஸ்கோ அறிவித்தது என்பது பல ஆண்டுகளாகச் சுற்றும் பொய். 2016 நவம்பரில் வந்த 2,000 ரூபாய் நோட்டில் ஜிபிஎஸ் சிப் இருக்கிறது என்பதும் பொய். இதைப் பிள்ளைகள் யோசித்தே உடைக்கலாம். செயற்கைக்கோள் வரைக்கும் சேதி அனுப்பும் பொருளுக்கு மின்சாரம் எங்கிருந்து வரும்? நோட்டில் பேட்டரி எங்கே?

சீட்டுகளைப் போட ‘உண்மை’, ‘பொய்’ என்ற இரண்டு பெட்டியோடு ‘இன்னும் தெரியாது’ என்று மூன்றாவது பெட்டியும் வையுங்கள். அதில் போடுகிறவர் யாரிடம் கேட்பது, எதில் பார்ப்பது என்று எழுதியிருந்தால் முழு மதிப்பெண். இந்த மூன்றாவது பெட்டியை விட்டுவிட்டால் மற்ற இரண்டிலும் விழுவது வெறும் ஊகம்.

ஐந்தாம் வகுப்புக்கு விளம்பரத்தை எப்படி நடத்துவது? டிவி விளம்பரத்தைப் போட்டுக் காட்ட வசதி இல்லை.
– ஆசிரியை, விருதுநகர் மாவட்டம்

காலிப் பாக்கெட்டுகள் போதும். 12 பாக்கெட்டுகளை நீங்களே சேகரித்துக் கழுவிக் கொண்டுபோங்கள். பிள்ளைகளைக் கொண்டுவரச் சொன்னால் எந்த வீட்டில் என்ன வாங்குகிறார்கள், யார் வாங்க முடியவில்லை என்பது வகுப்புக்கே தெரிந்துவிடும்; சில பிள்ளைகள் கூசிப்போவார்கள்.

முதலில் முன்பக்கம்: என்ன படம், என்ன சொல், எது பெரிய எழுத்து? பிறகு பின்பக்கம். சேர்பொருள் பட்டியலில் எடை அதிகமானது முதலில் வர வேண்டும் என்பது விதி. முன்பக்கம் பளபளக்கும் மாம்பழம் பட்டியலில் எத்தனையாவது இடத்தில் இருக்கிறது என்று எண்ணச் சொல்லுங்கள். அடுத்தது சர்க்கரை. 100 மில்லிக்கு 12 கிராம் என்று போட்டிருக்கும் 200 மில்லி பானத்தில் 24 கிராம் இருக்கிறது. தலைதட்டி அளந்த ஒரு தேக்கரண்டி சுமார் 4 கிராம். ஆறு கரண்டியைக் கண்ணாடி டம்ளரில் போட்டு மேசைமேல் வைத்துவிடுங்கள், பேசவே தேவையில்லை. 100 மில்லிக்கான கணக்கை முழுப் பாக்கெட்டுக்கும் என்று படிப்பதுதான் இங்கே வரும் தவறு. குளுக்கோஸ் சிரப், இன்வர்ட் சிரப், ஃபிரக்டோஸ் என்று சர்க்கரையே பல பெயரில் பிரிந்து நிற்பதையும் தேடச் சொல்லுங்கள்.

மிச்ச நேரத்தில் சின்னச் சொற்கள். ‘50% வரை தள்ளுபடி’யில் ‘வரை’யை விரலால் மறைத்தும் திறந்தும் படிக்கட்டும். கடையில் ஒரே ஒரு பொருளுக்கு 50% குறைத்திருந்தாலும் அந்த வாக்கியம் பொய்யாகாது. ‘வளர்ச்சிக்கு உதவும்’ என்பதும் ‘வளரவைக்கும்’ என்பதும் ஒன்றல்ல.

படங்களைச் சந்தேகிக்கச் சொல்லித்தருவது எப்படி? ஏஐ படங்களை விரல் எண்ணிக் கண்டுபிடிக்கலாம் என்கிறார்களே?
– பள்ளி நூலகர், கோவை

விரல் எண்ணும் உத்தி காலாவதியாகிவிட்டது. இப்போது வரும் படங்களில் விரல்கள் பெரும்பாலும் சரியாகவே இருக்கின்றன. குறையைத் தேடுவதைவிட, எங்கே, எப்போது, யார் எடுத்தது என்று கேட்கும் பழக்கம் நீடித்து உழைக்கும். அதோடு, பிள்ளைகளைப் பெரும்பாலும் ஏமாற்றுவது போலிப் படம் அல்ல, தவறான விளக்கத்தோடு வரும் நிஜப் படம்.

திருவிழாக் கூட்டப் படம் ஒன்றைப் பத்திரிகையிலிருந்து எடுத்து நான்கு பிரதி போடுங்கள். ஒவ்வொன்றின் மேலும் 5 சென்டிமீட்டர் சதுர ஓட்டை வெட்டிய தாளை, ஓட்டை வெவ்வேறு இடத்தில் வருமாறு ஒட்டுங்கள். ஒரு குழுவுக்கு அழும் குழந்தை, இன்னொன்றுக்கு பலூன் வியாபாரி, மூன்றாவதற்கு லத்தியோடு போலீஸ்காரர், நான்காவதற்கு வெறும் வானம். தெரிவதற்கு மட்டும் தலைப்பு எழுதச் சொல்லுங்கள். நான்கு தலைப்பையும் பலகையில் எழுதிய பிறகுதான் தாளைப் பிரிக்க வேண்டும். முன்கூட்டியே எட்டிப்பார்த்தால் பயிற்சி வீண்.

அடுத்து, தீபாவளி இரவில் விண்வெளியிலிருந்து நாசா எடுத்தது என்று ஆண்டுதோறும் வரும் வண்ணமயமான இந்தியப் படத்தை வண்ண அச்சில் காட்டுங்கள். அது ஓர் இரவில் எடுத்த படமே அல்ல. மக்கள்தொகைப் பெருக்கத்தைக் காட்ட அமெரிக்க விஞ்ஞானி ஒருவர் பல ஆண்டுச் செயற்கைக்கோள் தரவுகளைச் சேர்த்து 2003இல் உருவாக்கியது. 1992க்கு முன்பே இருந்த விளக்குகள் வெள்ளை. 1992, 1998, 2003இல் புதிதாகத் தெரிந்தவை முறையே நீலம், பச்சை, சிவப்பு. 2012 தீபாவளியின்போது செயற்கைக்கோள் எடுத்த உண்மையான படத்தை நாசாவே வெளியிட்டு விளக்கியது. அதில் பண்டிகை வெளிச்சம் தனியாகத் தெரியவில்லை. இரண்டையும் அருகருகே ஒட்டுங்கள்.

2018இல் பரவிய குழந்தை கடத்தல் வீடியோவை நீங்கள் தெரிந்துவைத்திருக்க வேண்டும். கராச்சியில் குழந்தைப் பாதுகாப்புக்காக எடுத்த விழிப்புணர்வுப் படம் அது. குழந்தையைத் திருப்பி விட்டுவிட்டு அட்டையைக் காட்டும் கடைசிப் பகுதியை யாரோ வெட்டிப் பரப்பினார்கள். அந்த நேரத்து வதந்தியால் தமிழ்நாட்டிலும் உயிர் போனது. இந்த வயதுப் பிள்ளைகளுக்கு வீடியோவைக் காட்டவே கூடாது.

ஹைடெக் லேபில் வாரம் ஒரு பாடவேளை கிடைக்கிறது. இணையதளம் நம்பகமானதா என்று எதைப் பார்த்துச் சொல்வது?
– கணினி ஆசிரியர், சேலம்

அந்தத் தளத்தையே உற்றுப்பார்ப்பதில் பயனில்லை. 1998இல் தொடங்கிய ‘மரத்தில் வாழும் ஆக்டோபஸ்’ என்ற வேடிக்கைத் தளத்தை கனெக்டிகட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 25 ஏழாம் வகுப்பு மாணவர்களுக்குக் காட்டியபோது ஏறக்குறைய எல்லோருமே நம்பினார்கள். பார்க்க ஒழுங்கான தளமாகத்தான் இருந்தது. ஸ்டான்ஃபோர்டில் 10 வரலாற்றாசிரியர்கள், 10 செய்திச் சரிபார்ப்பாளர்கள், 25 மாணவர்களை ஒப்பிட்டபோது சரிபார்ப்பாளர்கள் தேறியதற்குக் காரணம், தளத்தைவிட்டுச் சீக்கிரம் வெளியே வந்து வேறு டேபில் தேடியதுதான்.

எனவே விதி இது: பக்கத்தைத் திறந்து 30 விநாடி, பிறகு புதிய டேப். நடத்துபவரின் பெயரை மட்டும் தேட வேண்டும். எதையும் கிளிக் செய்யாமல் முதல் ஐந்து முடிவுகளைப் படிக்க வேண்டும்; விளம்பரம் என்று குறித்திருப்பதைத் தாண்ட வேண்டும். மேலே ஏஐ தரும் சுருக்கம் சிவப்பு வாக்கியம் மாதிரி: அது காட்டும் மூலத்தைத் திறக்கும்வரை சொன்னவர் பெயர் இல்லை. இரண்டு பேருக்கு ஒரு கணினி. ஒருவர் தட்டச்சு, ஒருவர் குறிப்பு. ‘மர ஆக்டோபஸ் ஏன் அழிகிறது’ என்று முழுக் கூற்றையும் தட்டினால் அதையே சொல்லும் பக்கங்கள்தான் வரிசையாக வரும். தேடும் சொல்லில் முடிவு ஒளிந்திருக்கக் கூடாது.

வகுப்பில் கற்றதைவைத்து என் மகள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் பாட்டியிடம் “இது பொய்” என்று எழுதிவிட்டாள். வீட்டில் மனஸ்தாபம்.
– ஒரு தாய், மதுரை

மகள் படித்தது சரி, கேட்ட விதம்தான் மாற வேண்டும். 2017 பிப்ரவரியில் தட்டம்மை-ரூபெல்லா தடுப்பூசி போட்டபோது வாட்ஸ்அப் வதந்தியை நம்பித் தமிழ்நாட்டில் பல பெற்றோர் தயங்கினார்கள். பிள்ளைமேல் உள்ள அக்கறைதான் அந்தத் தயக்கம். பாட்டி அனுப்புவதும் அதே அக்கறையில்தான்.

குழுவில் பதில் போட வேண்டாம், பக்கத்தில் உட்கார்ந்து, “இதை யாரு பாட்டி உங்களுக்கு அனுப்புனாங்க? அவங்களுக்கு யாரு சொன்னாங்களாம்?” என்று கேட்கட்டும். செய்தியின் மேலே இரட்டை அம்புக்குறி இருந்தால், அது குறைந்தது ஐந்து கை மாறி வந்தது என்று காட்டட்டும். பாட்டிக்கு விவரம் தெரிந்த விஷயங்களும் வரும் – கை வைத்தியம், பயிர், பழைய ஊர்ச் சேதி. அவற்றில் எது சரி, எது தவறு என்று மகள் பாட்டியிடம் போய்க் கேட்கட்டும். வகுப்பிலும் ஆசிரியர்கள் இந்த உரையாடலை இருவர் இருவராக ஐந்து நிமிடம் நடித்துப் பார்க்க வைத்துவிட்டே பிள்ளைகளை வீட்டுக்கு அனுப்புவது நல்லது.