தையலக்கா பதில்கள்

கேள்வி: கூட்டாளிமார் நாலு பேர் சேர்ந்து, துண்டுத் துணிகளைப் பொருத்திப் போர்வை தைக்கிறோம். முதல் கழுவலிலேயே சிவப்புச் சாயம் வெள்ளையில் ஏறி, ஓரமெல்லாம் சுருங்கிவிட்டது. அடுத்த முறை என்ன துணி வாங்கலாம், அக்கா?
– வாசகி, களுவாஞ்சிகுடி

பதில்: துவைக்காமல் வெட்டியிருப்பீர்கள், வேறென்ன! பருத்தி முதல் தண்ணீரில் சுருங்கத்தான் செய்யும், தங்கச்சி. சிவப்பு, கருநீலம் இரண்டையும் தனித்தனியாக ஊறப்போட்டு, ஈரத்தோடு வெள்ளைத் துணியை வைத்து அழுத்திப் பாருங்கள். சாயம் ஒட்டினால் திரும்பவும் அலசுங்கள்.

கல்முனைப் பக்கம் போனால் மருதமுனைக்கும் ஒரு நடை போங்கள். அங்கத்தைக் கைத்தறிச் சாறன் துணி போர்வைக்கு நல்ல பாரம். ஆனால் வெட்டிய ஓரத்தில் நூல் பிரியும். தையலுக்கு அரை அங்குலமாவது விடுங்கள். ‘சுத்தப் பருத்தி’ என்று சொன்னாலும் ஒரு நூலை உருவிக் கொளுத்திப் பாருங்கள். பருத்தி சாம்பலாகும், பொலியெஸ்டர் உருகி மணிபோல இறுகும். (கடைக்குள்ளே வேண்டாம், வெளியில் வந்து!) நாலு பேரும் நிறம் தெரிவு செய்தால் கடை பூட்டிவிடும், ஒருவரிடம் விடுங்கள். மறுகா, நடுவில் பஞ்சு வைக்கவேண்டாம். நம்ம வெக்கைக்குப் பழைய வொயில் சேலை ஒன்று போதும்.