கேளுங்க, சொல்றோம்

கேள்வி: தொழிற்சங்கத் தலைவர் அமைச்சராகிவிட்டால் நமக்காக எப்படிப் போராடுவார்? (வாசகி, பொகவந்தலாவை)

பதில்: முடியாது என்று சொல்லிவிட முடியாது. இலங்கைத் தோட்டத் தொழிலாளர்களின் சங்கத் தலைவர் சௌமியமூர்த்தி தொண்டமான் 1978இல் அமைச்சரானார். ஆனாலும் 1984 ஏப்ரலில் தோட்டத் தொழிலாளர் வேலைநிறுத்தத்துக்கு அவருடைய சங்கமான இலங்கைத் தொழிலாளர் காங்கிரசும் இறங்கியது, அதுவும் அவரே அமைச்சராக இருந்த அரசாங்கத்தை எதிர்த்து, கடைசியில் சம்பளம் கூடியதோடு ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே நாட்சம்பளம் என்றும் ஆனது. அதுவரை ஒரே தேயிலை மலையில் வேலை செய்தும் பெண்ணுக்குக் குறைவுதான், நினைத்துப் பாருங்கள்!

அதற்காக அமைச்சர் பதவி எல்லோரையும் அப்படியே வைத்திருக்கும் என்று நான் நம்பவில்லை. மேடையில் பேசுவது சுலபம், கொழுந்து நிறுக்கும் இடத்தில் கிலோ குறைத்து எழுதி அரைப்பேர் (அரைநாள் சம்பளம்) போடும்போது யார் வந்து கேட்கிறார் என்று பாருங்கள்.

கேள்வி: சங்கத்துக்குச் சந்தா பிடிக்கிறார்கள், கணக்குக் கேட்கலாமா? (வாசகர், மஸ்கெலியா)

பதில்: தாராளமாக. உங்கள் காசுதானே? முதலில் சங்கத்தின் தோட்டத் தலைவரிடம் கேளுங்கள், மழுப்பினால் சங்கத்தின் மாவட்டக் காரியாலயத்துக்கு எழுத்தில் கொடுத்து, பிரதி ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள்.