காதைப் பிளக்கும் மைக், புரியாத பேச்சு

கேள்வி: எங்கள் அடுக்குமாடி புளோக்கின் திறந்த கீழ்த்தளத்தில் நடந்த திருமண விருந்தில் மாமா மைக்கில் வாழ்த்திப் பேசினார். ஒரு சொல்கூடப் புரியவில்லை. ஒலியைக் கூட்டியும் பயனில்லை. ஏன்?
– வாசகி, ஈசூன், சிங்கப்பூர்

பதில்: கூட்டியதுதான் வினையே! பக்கங்கள் திறந்திருந்தாலும் சிமெண்டுத் தரை, காங்கிரீட் கூரை, தூண்கள் எல்லாமே ஒலியைத் திருப்பி அடிப்பவை. 'ஆ', 'ஓ' போன்ற உயிரொலிகளுக்கு வலு அதிகம், அவை எதிரொலித்து நீளும்போது பின்னால் வரும் க், த், ப் போன்ற மெலிந்த மெய்யொலிகள் அமுங்கிவிடும், அப்புறம் கடையா, தடையா, படையா என்று யாருக்குத் தெரியும்? ஒலியைக் கூட்டினால் எதிரொலியும் சேர்ந்தே கூடும்.

1895இல் ஹார்வர்டில் சபைன் என்ற இளம் பேராசிரியருக்கு இதே தலைவலி. அங்கே ஒரு விரிவுரை அறையில் பேசிய சொல் ஐந்தரை விநாடி ஒலித்துக்கொண்டிருந்ததாம். பக்கத்து அரங்கின் இருக்கை மெத்தைகளை இரவில் சுமந்து வந்து அடுக்கி அளந்தார் மனிதர்; மெத்தை கூடக் கூட எதிரொலி குறைந்தது.

கீழ்த்தளத்துக்கு மெத்தை போட முடியாது, சரி. ஒரு பெரிய ஸ்பீக்கருக்குப் பதில் சின்னதாக நாலைந்தைக் கூட்டத்துக்கு அருகில் வைத்து ஒலியைக் குறையுங்கள். பாஸ் எனும் அடித்தொனியையும் குறையுங்கள். மாமாவிடம் மைக்கை வாயருகே பிடித்து நிதானமாகப் பேசச் சொல்லுங்கள், கேட்பாரா என்பது வேறு விஷயம்.