வேலை கொடுப்பதும் உரிமைதான்

கேள்வி: தன்பாலீர்ப்பினர், திருநங்கையர் ஆகியோரின் சமத்துவத்துக்கு வணிகத் தலைவர்களால் என்ன செய்துவிட முடியும்?
(வாசகர், பிரிக்பீல்ட்ஸ், கோலாலம்பூர்)

பதில்: நிறையவே முடியும். அமெரிக்காவில் ஜஸ்டின் நெல்சனும் சான்ஸ் மிட்செலும் 2002இல் தொடங்கிய வர்த்தக சபை, தன்பாலீர்ப்பினர், திருநங்கையர் போன்றோருக்குக் குறைந்தது 51 விழுக்காடு உரிமையுள்ள நிறுவனங்களுக்குச் சான்றளித்து, பெரிய நிறுவனங்களின் கொள்முதல் வாய்ப்புகளுக்கு அவற்றைக் கொண்டுசேர்க்கிறது. இரக்கத்துக்குக் காத்திராமல் ஒப்பந்தத்தைக் கேட்டுப் பெறும் இந்த வழியே எனக்குச் சரியாகப் படுகிறது.

சில உடலுறவுகளை இயற்கைக்கு மாறானவை என்று குற்றமாக்கும் தண்டனைச் சட்டத்தின் 377ஏ பிரிவு நீடிக்கும் நம் மலேசியாவில் நிலைமை கடினம். அடையாள அட்டை எண்ணின் கடைசி இலக்கம் ஆணுக்கு ஒற்றைப்படை, பெண்ணுக்கு இரட்டைப்படை என்பதால், நேர்காணலுக்கு வரும் திருநங்கையின் திறமையை விசாரிக்கும் முன்பே அந்த இலக்கம் அவரைத் திருப்பி அனுப்பிவிடுவதுண்டு. துணிக்கடை, அச்சகம், உணவகம் நடத்தும் நம் முதலாளிகள் வேலை தெரியுமா என்று மட்டும் கேட்டு, முறையான சம்பளச் சீட்டும் சேமநிதி, சொக்சோ (தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு) சந்தாவும் தந்து இவர்களைச் சேர்த்துக்கொள்ள வேண்டும்.